சிக்னல் தாண்டியதாகச் சலான் வந்தால்

முதலில் பணத்தைக் கட்டிவிடுவோம், பிறகு வழக்காடலாம் என்று நினைப்பவருக்கு இந்த அத்தியாயம் உதவாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவில், சலான் தொகையைக் கட்டுவது ஒரு சமரசம். கட்டிய நிமிடத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. நீங்கள் அந்த ஜங்ஷன் பக்கமே போகாதவராக இருந்தாலும், கட்டிய ரசீது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். அடுத்த முறை இன்னொரு சிக்னல் சலான் வந்தால், பழையதைக் காட்டி ‘இது இரண்டாவது தடவை’ என்று கூடுதல் தொகை போட இடமிருக்கிறது.

மும்பை டிராம்பேயில் உள்ள நம் சீத்தா கேம்ப்பில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பயந்து உடனே கட்டிவிடுகிறார்கள். அல்லது எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தும் பார்க்காததுபோல விட்டு, ஒருநாள் மான்கூர்ட் பக்கம் ஹவல்தார் வண்டியை மடக்கி மெஷினில் நம்பரைத் தட்டும்போது மொத்த பாக்கியையும் கேட்டுத் தலையில் கை வைக்கிறார்கள். ரிக்‌ஷா, டெம்போ ஓட்டுபவர்களும், பைக்கில் சாப்பாடு, பார்சல் கொண்டுபோகிற பையன்களும் நிறைந்த பேட்டை இது. ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல் கடக்கிறார்களோ அத்தனை கேமராவுக்கும் முகம் காட்டுகிறார்கள். 2016இல் மும்பை முழுக்கக் கண்காணிப்பு கேமராக்கள் வந்ததிலிருந்து, ஹவல்தார் நிற்காத சிக்னலிலும் சலான் விழும். இரவு இரண்டு மணிக்கு ரோடு காலியாக இருக்கும், ஆனால் கேமரா தூங்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிக்னலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது 119ஆம் பிரிவு. அதை மீறினால் பொதுவான தண்டனை 177ஆம் பிரிவில் இருக்கிறது: முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை. சிறை கிடையாது. ஆனால் 2019 திருத்தத்தில் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்கள். ஆபத்தாக ஓட்டுவதைச் சொல்லும் 184ஆம் பிரிவின் விளக்கத்தில் ‘சிவப்பு விளக்கைத் தாண்டுவது’ என்பதையும் சேர்த்தார்கள். அங்கே முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே சலான் கையில் கிடைத்ததும் முதலில் பிரிவு எண்ணைத் தேடுங்கள். 177 என்றிருந்தால் அது பண விஷயம். 184 என்றிருந்தால் வக்கீலைப் பார்க்காமல் எதையும் கட்டாதீர்கள், எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேட்ஜ் வாங்கி வண்டி ஓட்டிப் பிழைப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கட்டளை அனுப்பியது: சிவப்பு விளக்கைத் தாண்டியவர், அதிவேகமாக ஓட்டியவர், குடித்துவிட்டு ஓட்டியவர் போன்றவர்களின் லைசென்சைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும். ஒவ்வொரு சலானுக்கும் இது நடப்பதில்லை. ஆனால் நடக்கலாம். 500 ரூபாய் போனால் அது ஒருநாள் சவாரிக் காசு. லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கினால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீசும் என்ன ஆகும்? செய்யாத தப்பைச் சும்மா ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

சலான் உண்மையானதா?

இதைக் கேட்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வண்டிக்குச் சலான்’ என்று சொல்லி ஏபிகே ஃபைல் ஒன்று வரும். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், பேங்க்கில் இருப்பதும் கூடவே போகும். போலீஸ் யாருக்கும் ஏபிகே அனுப்புவதில்லை. வந்த லிங்க்கைத் தொடாமல், மகாராஷ்டிரா போலீசின் மகாட்ராஃபிக் இ-சலான் தளத்தை நீங்களே தேடித் திறங்கள். முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். வண்டி நம்பரும், சேசிஸ் அல்லது எஞ்சின் நம்பரின் கடைசி நாலு இலக்கமும் கொடுத்தால் உங்கள் வண்டியின் பாக்கி அத்தனையும் வரிசையாக வரும். மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்திலும் பார்க்கலாம். இரண்டிலும் இல்லாத சலான் பெரும்பாலும் மோசடிதான்.

எஸ்எம்எஸ்ஸே வரவில்லை என்பவர்கள் நிறைய பேர். காரணம் எளிது: ஆர்சியில் பதிந்த போன் நம்பர் ஏஜெண்டுடையதாகவோ, ஷோரூம்காரருடையதாகவோ, நீங்கள் எப்போதோ தொலைத்த சிம்மாகவோ இருக்கும். பரிவாஹன் தளத்தில் இப்போதைய நம்பரை மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் வடாலா ஆர்டிஓவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நம்மூர் வண்டிகளில் ‘எம்.எச். 03’ என்று வருவது அந்த ஆபீசின் எண்தான். ‘எனக்குச் சொல்லவே இல்லை’ என்ற வாதம், தவறான நம்பரைக் கொடுத்திருந்தவர் வாயிலிருந்து வந்தால் எடுபடாது.

படத்தை வாசிப்பது

ஒவ்வொரு சலானுக்கும் பக்கத்தில் படம் இருக்கும். திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தளத்தில் இன்று திறந்தது நாளை திறக்காமல் போகலாம். இந்த வழக்கில் அந்தப் படம்தான் சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல அதைக் கேளுங்கள்.

வண்டி உங்களுடையதா? நம்பர் மட்டுமல்ல, நிறம், மாடல், ரிக்‌ஷாவின் பின்னால் எழுதியிருக்கும் வாசகம், கேரியர், ஒடுங்கிய பம்பர் எல்லாவற்றையும் பாருங்கள். 3 எட்டாகத் தெரியும், 0 ‘டி’யாகத் தெரியும், மழையில் 1உம் 7உம் குழம்பும். சலானில் பைக்கின் நம்பர் இருக்க, படத்தில் கார் நிற்கிற கூத்தும் நடக்கும்.

விளக்கு தெரிகிறதா? சிவப்பு எரிவதும், வண்டி கோட்டுக்கு அப்பால் இருப்பதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். வண்டி மட்டும் தெரிந்து விளக்கு தெரியாத படம் எதை நிரூபிக்கிறது? வண்டி அந்த ரோட்டில் இருந்தது என்பதை மட்டும்தான். விளக்கு தெரிந்தாலும், அது உங்கள் பக்கத்து விளக்கா, குறுக்கு ரோட்டுக்கானதா என்று பாருங்கள். மான்கூர்ட் டி-ஜங்ஷன்போலப் பல பக்கமும் வண்டி திரும்புகிற இடத்தில் இந்தக் குழப்பம் வரக்கூடியது.

வண்டி எப்போது கோட்டைத் தாண்டியது? பச்சையில் நுழைந்து, முன்னால் டிராஃபிக் அடைத்துக்கொண்டு நடுவில் மாட்டி, அதற்குள் சிவப்பு விழுந்தால் நீங்கள் சிக்னலைத் தாண்டியவர் ஆகமாட்டீர்கள். ஒரே ஒரு படத்தில் இது தெரியாது. தொடர்ச்சியாக இரண்டு மூன்று படம் அல்லது வீடியோ கேளுங்கள். கோட்டைத் தாண்டி ஜீப்ரா மேல் ஏறி நின்றிருந்தால் அது தனிக் குற்றம். சிக்னல் தாண்டியதாகப் போட்ட சலானுக்கு அதை வைத்து வாதாடலாம், ஆனால் ‘நான் ஒன்றுமே செய்யவில்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தேதி, நேரம், இடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பன்வேலில் சிஎன்ஜி போட்டுக்கொண்டிருந்தால் பம்ப் பில் இருக்கும், ஃபாஸ்டாக்கில் டோல் கழிந்த எஸ்எம்எஸ் இருக்கும், ஆப்பில் சவாரி பதிவு இருக்கும். கூகுள் மேப்சின் டைம்லைனும் உதவும், ஆனால் போனை நீங்கள் வைத்திருந்தீர்கள் என்று மட்டும்தான் அது சொல்லும், வண்டியைப் பற்றிச் சொல்லாது.

கேமரா போட்டதா, ஹவல்தார் போட்டதா?

இரண்டுக்கும் விதி வேறு. கருவியே கண்டுபிடித்துத் தானாக உருவாக்கும் சலானுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியை 2021 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். அந்தக் கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே போர்டு வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சலானோடு நம்பர் பிளேட் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். சலான் முடியும்வரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்த அந்தச் சான்றிதழ், 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தில் 63ஆம் பிரிவாகியிருக்கிறது. இந்தச் சான்றிதழைக் கேட்டாலே பாதிச் சலான்கள் ஆடிப்போகும் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதை நம்பாதீர்கள். கோர்ட் கேட்டால் போலீஸ் பின்னால் கூடக் கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் கேட்காமல் விட்டுவிடவும் வேண்டாம்.

ஹவல்தார் கையில் இருக்கும் மெஷினில் போட்டது வேறு வகை. அங்கே அவரே நேரில் பார்த்த சாட்சி. மூன்றாவதாக ஒன்று உண்டு: தன் சொந்த செல்போனில் வண்டியைப் படம் பிடித்து, வீட்டுக்குப் போகும் வழியிலோ மறுநாளோ பதிவேற்றுவது. 2025 ஜூலையில் மகாராஷ்டிராவில் லாரி, பஸ் உரிமையாளர்கள் இ-சலான் கொடுமை என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்த வாரத்தில்தான் மாநிலப் போக்குவரத்துப் போலீசின் தலைமை, சலானுக்காகச் சொந்த போனில் படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உங்கள் சலானில் உள்ள படம் மெஷினில் எடுத்ததுபோல இல்லாமல், நேரமும் இடமும் பொருந்தாமல் இருந்தால் இந்த உத்தரவைச் சுட்டிக்காட்டுங்கள்.

எந்தக் காரணம் நிற்கும்

வண்டி என்னுடையதல்ல என்பதுதான் இருப்பதிலேயே வலுவானது. 2025 ஜனவரியில் கொலாபாவில் தாஜ் ஹோட்டல் வாசலில் ஒரே நம்பரில் இரண்டு டாக்சிக் கார்கள் நின்றன. ஒன்றின் சொந்தக்காரர் நவி மும்பைக்காரர். தான் செய்யாத குற்றங்களுக்கெல்லாம் சலான் வந்துகொண்டிருந்ததால் நொந்துபோயிருந்தவர், தன் நம்பரோடு இன்னொரு கார் எதிரே நிற்பதைப் பார்த்தார். மற்றவர் கடன் தவணை கட்டாமல், வசூலுக்கு வருபவர்களிடமிருந்து தப்பிக்க, தன் நம்பரின் கடைசி 3ஐ 8 ஆக்கியிருந்தார். இது மும்பைக்கு நன்றாகத் தெரிந்த வழக்கு. உங்களுக்கு இப்படி ஒன்று நேர்ந்தால் சலான் பற்றிய மனுவோடு மட்டும் நிற்காதீர்கள். போலி பிளேட் வண்டி நாளை யாரையாவது இடித்துவிட்டுப் போனால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். டிராம்பே போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அந்த நகலை எல்லா மனுவோடும் வையுங்கள். 2019 ஏப்ரல் 1க்கு முன் பதிவான பழைய வண்டியாக இருந்து இன்னும் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் போடவில்லை என்றால் அதையும் போட்டுவிடுங்கள். அதில் லேசர் எண் உண்டு, வின்ட்ஷீல்டில் ஸ்டிக்கரும் உண்டு. என் வண்டி எது என்று காட்ட அதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை.

நான் ஓட்டவில்லை என்பது அடுத்தது. இங்கே ஷிஃப்டுக்கு ரிக்‌ஷா எடுத்து ஓட்டுவது சகஜம். சலான் வண்டிச் சொந்தக்காரரான சேட்டு பெயரில் வரும், அவர் டிரைவரிடம் பிடித்துக்கொள்வார், எந்த டிரைவர் என்பதில் சண்டை வரும். சிக்னல் தாண்டிய குற்றம் ஓட்டியவருடையது. ஆனால் யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் சொல்வது 133ஆம் பிரிவில் உரிமையாளரின் கடமை. சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். 187ஆம் பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. எனவே சேட்டுக்கு ஒரு யோசனை: ஒரு நோட்டில் தேதி, வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம், டிரைவர் கையெழுத்து. நாலணாச் செலவில்லாத ஆதாரம். டிரைவருக்கும் இதே யோசனைதான்: வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் மீட்டர் தெரிய ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சலானிலிருந்து தப்பிக்க ‘என் மகன்தான் ஓட்டினான், அவனுக்குப் பதினாறு வயசு’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். 18 வயது நிரம்பாதவர் ஓட்டினால் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. 500 ரூபாய்க்கு அஞ்சி இதில் போய் விழ வேண்டாம்.

வண்டியை விற்றுவிட்டேன் என்பவர்கள் ஃபார்ம் 29, 30 நகலைக் காட்ட வேண்டும். கையெழுத்து வாங்கி, காசு வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று விட்டவர்கள்தான் இங்கே அதிகம். ஆர்சியில் பெயர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். விபத்து நஷ்டஈடு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2018இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவரைத் தேடிப்பிடித்து இப்போதாவது மாற்றுங்கள்.

ஆம்புலன்சுக்கோ ஃபயர் பிரிகேடுக்கோ வழிவிட்டுக் கோட்டைத் தாண்டினீர்களா, ஹவல்தார் கை காட்டி ‘சல் சல்’ என்று அனுப்பினாரா, நல்ல காரணம்தான். விளக்கு என்ன சொன்னாலும் பணியில் நிற்கும் போலீசின் கைக்குத்தான் கட்டுப்பட வேண்டும். ஆனால் இதை வீடியோதான் காட்டும். சிக்னல் பழுது என்றால் மும்பை மாநகராட்சியிடம் ஆர்டிஐ போட்டு அந்தத் தேதியின் பழுதுப் பதிவைக் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். அதே மாதிரி போக்குவரத்துப் போலீசிடம் வீடியோவையும் கேளுங்கள். தாமதிக்க வேண்டாம், எந்தக் கண்காணிப்பு வீடியோவும் பழையதன் மேல் புதியது பதிந்து அழிவதுதான் வழக்கம்.

நிற்காத காரணங்கள்: அவசரம், பசி, பாசெஞ்சர் கத்தினார், பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது, எல்லோரும் போனார்கள், இடது பக்கம் எப்போதும் ஃப்ரீ என்று நினைத்தேன். இடது பக்கம் ஃப்ரீ என்று போர்டோ அம்புக்குறியோ இருந்தால்தான் ஃப்ரீ. நீங்கள் நிஜமாகவே தாண்டியிருந்தால், படமும் சுத்தமாக இருந்தால், 500 ரூபாயைக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

மனு எழுதும் விதம்

மகாட்ராஃபிக் தளத்திலும் ஆப்பிலும் குறை சொல்ல ‘கிரீவன்ஸ்’ என்று ஒரு வழி இருக்கிறது. முதலில் அங்கே போடுங்கள். கிடைக்கும் எண்ணைக் குறித்துவையுங்கள். கூடவே செம்பூரிலோ மான்கூர்டிலோ உள்ள டிராஃபிக் டிவிஷன் சௌக்கியில் எழுத்தில் ஒரு மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். இன்னும் ஒரு நகலை வொர்லியில் உள்ள போக்குவரத்துப் போலீஸ் தலைமையகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினால் நல்லது. மராத்தியில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும், இந்தி, இங்கிலீஷும் போதும். நம் பிள்ளைகள் பலர் மராத்தியில் படித்தவர்கள்தான், எழுதச் சொல்லுங்கள். கதை வேண்டாம். இவ்வளவு போதும்:

‘சலான் எண் இது. தேதி, நேரம், இடம் இவை. சலானில் உள்ள படத்தில் தெரிவது சிவப்பு நிற ஹாட்ச்பேக் கார். என் வண்டி கருப்பு மஞ்சள் ரிக்‌ஷா. ஆர்சி நகலும், வண்டியின் நாலு பக்கப் படங்களும் இணைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் வண்டி இருந்த இடத்துக்கு சிஎன்ஜி பில் இணைத்திருக்கிறேன். சலானை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யாவிட்டால் முழு வீடியோவையும் மின்னணு ஆதாரச் சான்றிதழையும் தர வேண்டும். இதைக் கோர்ட்டில் எதிர்கொள்ளத் தயாராக இருக்கிறேன். பணம் கட்டவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

காகிதத்தோடு சர்க்காரை எதிர்கொள்வது இந்தப் பேட்டைக்குப் புதிதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்யச் சொன்னபோது, குடிசைவாசிகளின் தலைவர் ஜாக்கின் அற்புதம் முன்னால் நிற்க, மனுவும் கோர்ட்டுமாகப் பல வருடம் இழுத்தடித்தார்கள். 1976இல் நெருக்கடி நிலை இருந்ததால்தான் எல்லோரையும் இங்கே கொண்டுவந்து கொட்ட முடிந்தது. அந்தக் காலத்து ரேஷன் கார்டையும் போட்டோ பாஸையும் இன்னும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. சலான் காகிதமும் அந்தக் கவருக்குள் போகட்டும்.

லோக் அதாலத் எஸ்எம்எஸ்

வருடத்துக்கு நான்கு முறை தேசிய லோக் அதாலத் நடக்கும். அதற்கு முன் பாக்கி உள்ளவர்களுக்கு வரிசையாக எஸ்எம்எஸ் வரும். அதைப் படித்துவிட்டு வாரண்ட் என்று நினைத்து நடுங்குபவர்கள் உண்டு. அது சம்மன் இல்லை. சமரசத்துக்கான அழைப்பு மட்டுமே. போகாவிட்டால் குற்றமில்லை, விவகாரம் பழைய இடத்திலேயே இருக்கும். போய்ச் சமரசம் செய்தால் அதுவே முடிவு, அதற்கு மேல்முறையீடு இல்லை. ஆகவே தப்பு செய்தவருக்கு, பாக்கி நிறையச் சேர்ந்துவிட்டவருக்கு, லோக் அதாலத் நல்ல இடம். வண்டியே தன்னுடையதல்ல என்பவர் அங்கே போய்க் கட்டிவிட்டு வருவது வீண்.

குர்லா கோர்ட்

மனுவுக்குப் பதில் வராமல், சலானும் ரத்தாகாமல், போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பினால் சம்மன் வரும். டிராம்பே, கோவண்டி, மான்கூர்ட் பக்கத்து வழக்குகளுக்கு நாம் போவது குர்லா கோர்ட்டுக்குத்தான். சில சலான்கள் முதலில் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். அங்கே ஸ்கிரீனில் இரண்டே வழி: கட்டுவது, அல்லது எதிர்ப்பது. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு நிஜமான கோர்ட்டுக்கு மாறும். எதிர்க்கப் போகிறவர் கட்டும் பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம்.

சம்மன் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். சலானைக் கட்டாமல் இருப்பது ஒன்று, மாஜிஸ்திரேட் கூப்பிட்டு வராமல் இருப்பது வேறு. பின்னதற்கு வாரண்ட் வரும்.

சொந்தமாக வாதாடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பெயர் கூப்பிட்டதும் போய் நில்லுங்கள். ‘குன்ஹா கபூல் ஆஹே கா?’ என்று கேட்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டால் அதோடு முடிந்தது, அபராதத்தைக் கட்டிவிட்டு வர வேண்டியதுதான். பக்கத்தில் நிற்கிற யாராவது ‘கபூல் சொல்லிடுங்கண்ணா, சீக்கிரம் போயிடலாம்’ என்பார். அவர் சொல்வது அவருக்குச் சரியாக இருக்கலாம். நீங்கள் ‘கபூல் நாஹி, சாஹேப்’ என்று சொல்லி, மனுவின் நகலை நீட்டுங்கள். மராத்தி புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். குற்றச்சாட்டு என்னவென்று உங்களுக்குப் புரிகிற மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

அதற்குப் பிறகு நிரூபிக்கும் பொறுப்பு போலீசுடையது. சாட்சி வர வேண்டும், படம், வீடியோ, சான்றிதழ் வர வேண்டும். நீங்கள் குறுக்கே கேள்வி கேட்கலாம். கோபமாகக் கேட்காதீர்கள், நீளமாகவும் கேட்காதீர்கள். ‘இந்தப் படத்தில் விளக்கு எங்கே இருக்கிறது?’ என்ற ஒரு கேள்வி பத்து நிமிடப் பேச்சைவிட நன்றாக வேலை செய்யும்.

காலக்கெடுவும் உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள் கோர்ட் கையில் எடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 468ஆக இருந்தது. 177இல் போட்ட சிக்னல் சலானுக்கு இது பொருந்தும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்றாலும், மூன்று நான்கு வருடப் பழைய சலானுக்காகக் கூப்பிட்டால் முதல் வாய்தாவிலேயே இதைச் சொல்லுங்கள். ரோட்டில் மடக்கிப் பழைய பாக்கியைக் கட்டச் சொன்னாலும், ‘சாஹேப், அதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். வாக்குவாதத்தில் கை ஓங்கினால், சலான் போய் அரசு ஊழியரைத் தடுத்த வழக்கு வந்துவிடும்.

என் கருத்தையும் கேட்டால்: குர்லாவுக்கு ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போகும், அநேகமாக ஒருநாளில் முடியாது. 500 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது. அதனால் அரைகுறைச் சந்தேகத்துக்காகக் கோர்ட் ஏறாதீர்கள். போலி நம்பர், வேறு வண்டி, 184ஆம் பிரிவு, லைசென்ஸ் நிறுத்தும் நோட்டீஸ், ஒரே இடத்தில் அடுத்தடுத்து விழும் சலான்கள் இவற்றுக்கு மட்டும் கோர்ட் ஏறுங்கள், கடைசிவரை நில்லுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்பவர்கள் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், தலித், ஆதிவாசிகள், மாற்றுத்திறனாளிகள், வருடத்துக்கு மூன்று லட்சத்துக்குக் குறைவான வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வக்கீல் இலவசம். 15100க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். குர்லா கோர்ட் வாசலில் நின்று ‘ஐநூறு கொடு, முடிச்சுத் தர்றேன்’ என்பவர்களிடம் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வது பெரும்பாலும் உங்கள் பெயரில் ‘கபூல்’ சொல்வது மட்டும்தான்.

சலான் ரத்தானாலும், கோர்ட்டில் விடுதலை ஆனாலும், சில நாள் கழித்துத் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பாக்கிப் பட்டியலில் இன்னும் நின்றால், உத்தரவின் சான்றிட்ட நகலோடு அதே சௌக்கியில் இன்னொரு மனு கொடுங்கள். அந்தப் பதிவு நீங்காதவரை வண்டியை விற்பதும் பெயர் மாற்றுவதும் பர்மிட்டைப் புதுப்பிப்பதும் ஆர்டிஓவில் நின்றுபோகலாம்.